விரல் வலிக்குக் காரணம் கம்பி உயரமா? அகூஸ்டிக் கிட்டாரின் ஆக்‌ஷனை வீட்டிலேயே குறைக்கும் முறை

கிட்டார் வாங்கிச் சில மாதங்களிலேயே உறையில் போட்டு மூலையில் சாத்திவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எஃப் கார்டு வரவே மாட்டேங்குது", "விரல் நுனி எரியுது" என்பார்கள் (கார்டு என்றால் பல கம்பிகளை ஒன்றாக அழுத்தி எழுப்பும் ஒலி). குறை தங்கள் விரலில்தான் என்று நம்பியும் விட்டிருப்பார்கள். அந்தக் கிட்டாரை எடுத்து, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகக் கோடுகளில் 12-வதில் ஒரு ஸ்கேலை வைத்தால் பல நேரம் விஷயம் வேறாக இருக்கும். கம்பி ஃப்ரெட்டுக்கு மேலே மூன்றரை, நான்கு மில்லிமீட்டரில் நின்றுகொண்டிருக்கும். அந்த உயரத்தில் பல வருடம் வாசித்தவருக்கே கை வலிக்கும். புதிதாகப் பழகுகிறவர் என்ன செய்வார்?

ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான் ஆக்‌ஷன். விலை குறைந்த கிட்டார்கள் பெரும்பாலும் இதைச் சற்று உயரமாக வைத்துக்கொண்டுதான் கடைக்கு வருகின்றன. குறைப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்; பொறுமையும் ஒரு உப்புத்தாளும் போதும். ஆனால் எதை எந்த வரிசையில் தொடுவது என்பது மிக முக்கியம். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும், அல்லது கம்பியைத் தாங்கும் நல்ல சாடில் ஒன்று வீணாகும்.

இங்கே சொல்வதெல்லாம் ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக் கிட்டாருக்கு. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் கம்பி அதிகம் ஊசலாடுவதால் அதற்கு உயரமும் அதிகம் வேண்டும்; தடித்த பக்கம் 4 மி.மீ., மெல்லிய பக்கம் 3 மி.மீ. அங்கே சாதாரணம். அந்தக் கிட்டாரை இந்தக் கட்டுரையின் அளவுக்குக் கொண்டுவந்தால் வாசிக்க முடியாத அளவுக்கு இரையும்.

உயரத்தை முடிவு செய்யும் மூன்று இடங்கள்

தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டை நட். உடல் பக்கம், கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற மரக்கட்டையின் பள்ளத்தில் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டை சாடில். இரண்டுக்கும் நடுவே இருப்பது நெக் என்ற கழுத்தின் வளைவு. ஆக்‌ஷன் இந்த மூன்றும் சேர்ந்து தருவது.

நெக்கின் வளைவைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். 12-53 அளவு (மெல்லியது 0.012 அங்குலம், தடித்தது 0.053 அங்குலம்) கம்பிகளை முழுச் சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுப்பில் நெக் முன்பக்கமாக வளையப் பார்க்கும். அதற்கு எதிராக நெக்குக்குள் ஓடுவதுதான் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு. கிப்ஸன் நிறுவனத்தில் இருந்த தாடியஸ் மெக்ஹ்யூ 1923-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மார்ட்டின் நிறுவனம் திருகிச் சரிசெய்யக்கூடிய ராடுக்கு மாறியது 1985-ல்தான். இந்த ராடின் வேலை நெக்கின் வளைவைச் சரியாக வைப்பது. கம்பி உயரத்தைக் குறைக்கும் திருகு அது இல்லை. முறுக்கினால் உயரம் கொஞ்சம் குறைவது உண்மைதான். ஆனால் அதை நம்பி முறுக்கிக்கொண்டே போனால் நெக் பின்பக்கமாக வளைந்து முதல் சில ஃப்ரெட்டுகளில் எல்லாக் கம்பியும் ஜிர்ரென்று இரையும். ராட் அறுந்துபோனால் வரும் செலவு, சாதாரணக் கிட்டாரின் விலையையே தாண்டிவிடும்.

தேவையானவை

அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. பள்ளிக்கூட ஸ்கேலில் பூஜ்ஜியத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், அது உதவாது. விளிம்பிலிருந்தே கோடு தொடங்க வேண்டும். எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ ஒன்று, ஒரு ட்யூனர், கூர்மையான பென்சில், 120, 220, 400 நம்பர் உப்புத்தாள், தட்டையான கண்ணாடித் துண்டு, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், கம்பி சுழற்றும் வைண்டர், உங்கள் கிட்டாரின் ட்ரஸ் ராடுக்குப் பொருந்தும் ஆலன் கீ. பைக் மெக்கானிக்குகள் டேப்பெட் சரிபார்க்கும் ஃபீலர் கேஜ் இருந்தால் நல்லது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலேயே கிடைக்கும்.

இவற்றோடு ஒரு புதுச் சாடிலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். பழைய சாடிலின் நீளம், தடிமன், உயரம் மூன்றையும் அளந்து, அதைவிடச் சற்றே பெரியதாக எலும்புச் சாடில் ஒன்று வாங்கினால் போதும். தேய்ப்பதைப் புதியதில் தேய்க்கலாம், பழையது அப்படியே பத்திரமாக இருக்கும். விலை குறைந்த கிட்டார்களில் வரும் சாடில் சில சமயம் உள்ளே குடைந்த பிளாஸ்டிக்காக இருக்கும். அதற்குப் பதில் எலும்பு போட்டாலே ஒலியில் தெளிவு கூடும்.

முதலில் அளவு

கிட்டாரை முழுச் சுருதியில் ட்யூன் செய்யுங்கள். அரை சுருதி இறக்கித்தான் வாசிப்பீர்கள் என்றால் அந்தச் சுருதியிலேயே அளவெடுங்கள். தரையில் படுக்க வைக்காமல் வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல், 12-வது ஃப்ரெட்டின் உச்சியில் ஸ்கேலை நிறுத்தி, கம்பியின் அடிப்பக்கம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்ணை நேராக வைத்துப் பாருங்கள். தடித்த 6-வது கம்பிக்கு ஒன்று, மெல்லிய 1-வது கம்பிக்கு ஒன்று. இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஸ்கேல் கைவசம் இல்லையென்றால் ஏடிஎம் கார்டு உதவும். உலகம் முழுக்க அதன் தடிமன் 0.76 மி.மீ. எழுத்து புடைக்காத தட்டையான கார்டுகள் மூன்றை அடுக்கினால் கிட்டத்தட்ட 2.3 மி.மீ. வரும். மூன்று கார்டும் 6-வது கம்பிக்கு அடியில் ஏறக்குறைய உரசிக்கொண்டு நுழைந்தால் உங்கள் ஆக்‌ஷன் நல்ல நிலையில் இருக்கிறது. நான்கு கார்டு தாராளமாக நுழைந்தால் குறைக்க வேண்டிய கிட்டார்தான்.

பொதுவாக 6-வது கம்பிக்கு 2.4 முதல் 2.8 மி.மீ., 1-வது கம்பிக்கு 1.6 முதல் 2 மி.மீ. வசதியான உயரம். விரலால் மென்மையாக மீட்டுகிறவர்கள் தாழ்வான பக்கம் போகலாம். பிக் வைத்து ஓங்கி ஸ்ட்ரம் செய்கிறவர்களுக்கு மேல்பக்கம்தான் நல்லது, இல்லையென்றால் வேகத்தில் கம்பி ஃப்ரெட்டில் மோதும். புதியவருக்கு நான் சொல்வது 2.5-ம் 1.9-ம். அதற்குக் கீழே போக ஆசைப்பட வேண்டாம்.

நெக்கின் வளைவு

முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். வலது கை விரலால் 6-வது கம்பியை 14-வது ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது இழுத்துக் கட்டிய கம்பியே ஒரு நேர்கோடு. நடுவில், 7-வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும்: 0.1 முதல் 0.25 மி.மீ. வரை. ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளை வெட்டிப் பயன்படுத்தலாம். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. ஒரு தாள் தடையில்லாமல் நுழைய வேண்டும். மூன்று தாளை ஒன்றாக நுழைத்தால் கம்பி மேலே எழும்ப வேண்டும்.

மூன்று தாளும் சும்மா நுழைந்தால் நெக் அதிகம் வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராடின் திருகு சில கிட்டார்களில் ஒலித்துளைக்குள் நெக்கின் அடியில் இருக்கும், சிலவற்றில் தலைப்பகுதியில் சிறு மூடிக்குக் கீழே இருக்கும். ஆலன் கீயை முழுதாக உள்ளே இறக்கி, திருகை நேராகப் பார்த்தபடி கடிகாரம் சுற்றும் திசையில் எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்புங்கள். மறுபடி ட்யூன் செய்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி அளவு பாருங்கள். இடைவெளியே இல்லாமல் கம்பி ஃப்ரெட்டில் ஒட்டிக் கிடந்தால் எதிர்த்திசையில் அதே அளவு. ஒரே நாளில் மொத்தம் கால் சுற்றுக்கு மேல் போக வேண்டாம். திருகு முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்டாமல் அங்கேயே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் எடுத்துப் போங்கள்.

வளைவைச் சரிசெய்தபின் 12-வது ஃப்ரெட் அளவை மறுபடி எடுக்க வேண்டும். பழைய எண் இனி செல்லாது.

நட்டைச் சோதிக்கும் எளிய வழி

முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுக் கொஞ்ச நேரம் வாசித்துப் பாருங்கள். கிட்டார் சட்டென்று வேறு கிட்டார் மாதிரி எளிதாக இருக்கிறதா? அப்படியானால் நட்டின் பள்ளங்கள் உயரமாக இருக்கின்றன. எஃப் கார்டின் கஷ்டத்துக்கு மூலகாரணம் பல கிட்டார்களில் இதுதான்; சாடிலை எவ்வளவு தேய்த்தாலும் முதல் ஃப்ரெட்டில் பெரிய மாற்றம் தெரியாது.

இன்னொரு சோதனை: கம்பியை 3-வது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு இருக்க வேண்டும். மேலிருந்து தட்டினால் "டிக்" என்று மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். ஒரு தாள் தாராளமாக நுழைந்தால் உயரம் அதிகம்.

நட் வேலையை மட்டும் முதல் தடவை வீட்டில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் தனி அரம் வேண்டும், பள்ளம் தலைப்பக்கமாகச் சாய்ந்து இறங்க வேண்டும், ஒரு இழுப்பு அதிகமானால் வெறும் கம்பி இரைய ஆரம்பித்துவிடும். கிட்டார் ரிப்பேர் தெரிந்தவருக்கு இது சிறிய வேலை. நட்டை அவரிடம் முடித்துவிட்டு சாடிலை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

சாடிலைத் தொடும் முன்

பிரிட்ஜுக்கு மேலே சாடில் எவ்வளவு உயரம் தெரிகிறது என்று அளந்துகொள்ளுங்கள். தேய்த்து முடித்தபின் குறைந்தது 3 மி.மீ. மிச்சம் இருந்தால் நிம்மதி. 2 மி.மீ.க்குக் கீழே போனால் கம்பி சாடிலின் மேல் மடங்கி இறங்கும் கோணம் போதாமல் ஒலி சோர்ந்துவிடும்.

சாடில் ஏற்கெனவே தாழ்ந்து கிடந்தும் கம்பி உயரமாகவே இருந்தால் கோளாறு நெக்கு உடலோடு சேரும் கோணத்தில் இருக்கிறது. நீளமான நேர்விளிம்பு ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை நீட்டிப் பாருங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்பரப்பை ஒட்டி நின்றால் நல்லது. பிரிட்ஜின் நெற்றியில் இடித்து நின்றால் நெக்கின் கோணம் தளர்ந்திருக்கிறது, அது உப்புத்தாளுக்கு அடங்காது. பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு தாளை நுழைத்துப் பார்ப்பதும் அவசியம். தாள் உள்ளே போனால் பசை விட்டு பிரிட்ஜ் கழன்றுகொண்டு வருகிறது. கம்பியைத் தளர்த்திவிட்டு உடனே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டுப் போனால் இந்தப் பசை இளகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில மலிவுக் கிட்டார்களில் சாடிலின் இருபுறமும் உயரத்தை மாற்றும் திருகுகளே இருக்கும். கிப்ஸன்கூட 1960-களில் சில மாடல்களுக்கு அப்படிப் போட்டது. உங்களுடையது அந்த வகை என்றால் கம்பியைத் தளர்த்தித் திருகைத் திருப்பினாலே வேலை முடிந்தது.

எவ்வளவு தேய்ப்பது

12-வது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. யமஹா எஃப்310-ல் நட்டிலிருந்து சாடில் வரை கணக்கு 634 மி.மீ.; அதில் 317-ல் 12-வது ஃப்ரெட். நட் பக்கம் அசையாமல் சாடில் பக்கம் மட்டும் இறங்கும்போது நடுவில் பாதிதான் இறங்கும். ஆகவே 12-வது ஃப்ரெட்டில் குறைக்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு சாடிலில் எடுக்க வேண்டும்.

உங்கள் அளவு 6-வது கம்பிக்கு 3.3, 1-வது கம்பிக்கு 2.5 என்று வைத்துக்கொள்வோம். வேண்டியது 2.5-ம் 1.9-ம். ஒரு பக்கம் 0.8 குறைய வேண்டும், மறுபக்கம் 0.6. அப்படியானால் சாடிலில் தடித்த கம்பிப் பக்கம் 1.6 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 1.2 மி.மீ. எடுக்க வேண்டும். முதல் சுற்றில் அவ்வளவும் எடுக்காதீர்கள். 1.3-ம் 0.9-ம் எடுத்துவிட்டு, போட்டு வாசித்துப் பார்த்து, மிச்சத்தை அடுத்த சுற்றில் எடுங்கள். தேய்த்தது திரும்ப வராது.

கழற்றுவதும் தேய்ப்பதும்

கம்பிகளை நன்றாகத் தளர்த்துங்கள். ஐந்தாவது ஃப்ரெட் பக்கம் கேப்போ ஒன்றை மாட்டிவிட்டால் தலைப்பக்கச் சுற்றுகள் கலையாமல் இருக்கும். கம்பியை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பின்களை வைண்டரின் பள்ளத்தால் நெம்பி எடுங்கள். வராவிட்டால் ஒலித்துளைக்குள் கையை விட்டு ஒரு நாணயத்தால் அடியிலிருந்து தள்ளுங்கள். எடுத்த வரிசையிலேயே பின்களை அடுக்கி வையுங்கள்.

சாடிலை எடுக்கும் முன், 6-வது கம்பிப் பக்கத்து முனையில், நட்டைப் பார்க்கும் முகத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பல சாடில்களில் 2-வது கம்பிக்கு உச்சி சற்றுப் பின்னால் தள்ளிச் செதுக்கப்பட்டிருக்கும். திருப்பிப் போட்டால் சுருதி சேராது. விரலால் வராவிட்டால் துணி சுற்றிய குறடால் ஒரு முனையைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் பிரிட்ஜில் விரிசல் விழலாம். புதுச் சாடில் போடுவதாக இருந்தால், பழையதை அதன்மேல் வைத்து உச்சியின் வளைவை வரைந்து அந்த உயரத்துக்குக் கொண்டுவந்து, நீளத்தையும் தடிமனையும் பள்ளத்துக்குப் பொருந்தும்படி முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

தேய்க்க வேண்டியது அடிப்பக்கத்தை மட்டுமே. மேல்பக்க வளைவு ஃப்ரெட் பலகையின் வளைவுக்கு ஒத்துச் செய்யப்பட்டது. அதைத் தொட்டால் நடுக் கம்பிகளின் உயரம் கெடும். அடியிலிருந்து எடுக்க வேண்டிய அளவை இரு முனையிலும் குறித்து, இரண்டையும் சேர்த்துச் சாய்வாக ஒரு கோடு இழுங்கள். 120 நம்பர் உப்புத்தாளைக் கண்ணாடி மேல் டேப்பால் ஒட்டுங்கள். சாடிலை ஒரு சதுரமான மரத்துண்டின் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து, செங்குத்தாக நிறுத்தி, நீளவாக்கில் தேயுங்கள். நம் கை தன்னையறியாமல் ஒரு முனையைத்தான் அதிகம் அழுத்தும், அதனால் சில இழுப்புக்கு ஒருமுறை சாடிலைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கோட்டுக்கு மயிரிழை தூரம் இருக்கும்போது 220-க்கு மாறுங்கள், கடைசியில் 400. எலும்புத் தூள் மூக்கில் ஏறக் கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

இப்போது சாடிலை வெறும் கண்ணாடியில் நிறுத்தி, பின்னால் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். அடியில் எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம், அல்லது விளிம்பு உருண்டிருக்கிறது. கசிவு நிற்கும்வரை 400-ல் மெதுவாகச் சமப்படுத்துங்கள். ஒலி உடலுக்குள் போவது இந்த அடிப்பரப்பு வழியாகத்தான். சாடிலுக்கு அடியில் பிக்கப் (அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பட்டை) இருக்கும் கிட்டாரில் இது இன்னும் முக்கியம். பரப்பு சமமாக இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபையரில் ஒரு கம்பி அலறும், இன்னொன்று முனகும்.

பள்ளத்தில் தூசு இல்லாமல் துடைத்துச் சாடிலைச் செருகுங்கள். விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், விட்டால் ஆடக் கூடாது. பசை வேண்டவே வேண்டாம். கம்பியின் குண்டு முனையைத் துளையில் விட்டு, பின்னைச் செருகும்போதே கம்பியை மேல்நோக்கிச் சுண்டி இழுங்கள். குண்டு உள்ளே பலகையில் மாட்டிக்கொள்ளும்.

இரைந்தால்

ட்யூன் செய்து எல்லாக் கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் நீங்கள் வழக்கமாக மீட்டும் பலத்தில் வாசித்துப் பாருங்கள். வெறும் கம்பி மட்டும் இரைந்தால் நட் பள்ளம் ஆழம். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் பரவலாக இரைந்தால் நெக்கின் வளைவு போதவில்லை. பத்துக்கு மேலே இரைந்தால் சாடில் தாழ்ந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. அதைத் தட்டியோ தேய்த்தோ சரிசெய்வது அனுபவப்பட்டவர் வேலை.

சாடில் கொஞ்சம் அதிகம் தேய்ந்துவிட்டால் விசிட்டிங் கார்டிலிருந்து வெட்டிய பட்டையை அடியில் வைத்துச் சமாளிக்கலாம். புதுச் சாடில் வரும்வரை தாங்கும்.

வானிலையும் கம்பியும்

அகூஸ்டிக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம்தான் பிடிக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதற்கு மேலேதான் இருக்கும், வடகிழக்குப் பருவமழையில் இன்னும் ஏறும். முன்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும்போது பிரிட்ஜும் சேர்ந்து எழும்பி ஆக்‌ஷன் கூடும். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் மரம் காய்ந்து அதே ஆக்‌ஷன் இறங்கும். ஐப்பசி அடைமழையில் கடைசி இழை வரை தேய்த்து வைத்த கிட்டார், ஏசி அறைக்கு மாறியதும் இரையும். எனவே கிட்டார் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அதே அறையில் சில நாள் வைத்துவிட்டு அளவெடுங்கள், 0.2 மி.மீ. தாராளமாகவே விடுங்கள்.

இவ்வளவும் செய்யத் தயக்கமாக இருந்தால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். 12-ல் தொடங்கும் செட்டுக்குப் பதில் 11 அல்லது 10-ல் தொடங்கும் செட் போட்டால் இழுப்பு குறையும், நெக் சற்று நிமிரும், விரலுக்கு உடனே வித்தியாசம் தெரியும். ஒலியின் கனம் கொஞ்சம் குறையும். பழகும் காலத்தில் அது பெரிய இழப்பு இல்லை. இனி எந்த செட் போடப்போகிறீர்களோ அதைப் போட்டபின்தான் மேலே சொன்ன அளவுகளை எடுக்க வேண்டும்.

வேலை முடிந்த மறுநாள் ஒருமுறை ட்யூன் செய்து, நெக்கின் வளைவையும் 12-வது ஃப்ரெட் உயரத்தையும் மறுபடி அளந்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதிப் பழைய சாடிலோடு கிட்டார் உறையின் பையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை கம்பி ஏறியதுபோல் தோன்றும்போது எங்கே மாறியிருக்கிறது என்று அந்தச் சீட்டைப் பார்த்தாலே தெரியும்.